விருதுப் பட்டியலில் எல்லை ஊர்கள்: பாட்டு எந்த மொழிக்கு, பாடியவர் எந்த ஊருக்கு?

1994-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 42-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இசைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிறந்த பின்னணிப் பாடகர் பி. உன்னிகிருஷ்ணன்: ‘காதலன்’ படத்தின் ‘என்னவளே’, ‘பவித்ரா’ படத்தின் ‘உயிரும் நீயே’. சிறந்த பாடகி ஸ்வர்ணலதா: ‘கருத்தம்மா’வின் ‘போறாளே பொன்னுத்தாயி’. சிறந்த பாடலாசிரியர் வைரமுத்து. மூன்று படங்களுக்கும் இசை ஏ.ஆர். ரஹ்மான். ஆனால் அந்த ஆண்டு இசையமைப்பாளர் விருது ரஹ்மானுக்கு இல்லை. ‘பரிணயம்’, ‘சுகிர்தம்’ என்ற இரண்டு மலையாளப் படங்களுக்காக அது ரவிக்குப் போனது. தில்லியில் பிறந்து, இந்திப் படங்களில் பெயர் வாங்கி, பின்னாளில் கேரளத்தில் ‘பம்பாய் ரவி’ ஆனவர் அவர். ‘சுகிர்த’த்தின் பின்னணி இசைக்கு திருச்சூர்க்காரரான ஜான்சன்.

இனி ஊர்க்கணக்கு. உன்னிகிருஷ்ணன் பாலக்காட்டில் பிறந்தவர். ஸ்வர்ணலதா பிறந்தது அதே பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியில். நாடு முழுவதற்கும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு விருதுகளும் ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தில் பிறந்த இருவருக்கு வந்தன. இரண்டும் தமிழ்ப் பாட்டுக்கு. மலையாளப் படத்துக்கான இசை விருதோ தில்லிக்காரருக்கு.

தேசிய விருது அறிவிப்பு வந்ததும் எல்லைக்குத் தமிழகப் பக்கம் ‘தமிழுக்கு இத்தனை’ என்பார்கள், கேரளப் பக்கம் ‘மலையாளிகளுக்கு இத்தனை’ என்பார்கள். வாளையாறு செக்போஸ்ட்டின் இரு பக்கமும் ஒரே விருதை ஆளுக்கொரு முறை எண்ணுகிறார்கள். இரண்டு கணக்கும் பொய்யில்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கேரளத்துக்குள் தமிழ் பேசி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் தனி சுவாரஸ்யம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, ரேஷன் கடையில் ஒரு மொழி, பஸ்ஸில் ஓடும் பாட்டு எதுவாகவும் இருக்கலாம். இந்தக் கலப்பு அப்படியே தெரிவது தேசியப் பட்டியலில்தான். மாநிலப் பட்டியல்களில் அது காணாமல் போகிறது. காரணம் விருதின் விதிகளில் இருக்கிறது.

தேசிய விருதில் பாடகருக்கான பிரிவு மொழி பார்ப்பதில்லை. சென்சார் சான்றிதழ் ஒரு காலண்டர் ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும், படத்தை முறைப்படி விண்ணப்பித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1997 பொங்கலுக்கு வெளிவந்த ‘மின்சார கனவு’ 1996-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருப்பது இந்தச் சான்றிதழ் கணக்கால்தான். இப்போதைய முறையில் படங்களை முதலில் ஐந்து வட்டாரக் குழுக்கள் பார்க்கின்றன. அவை தேர்ந்து அனுப்புவதை மத்தியக் குழு பார்க்கிறது. தென்னிந்தியாவுக்கு இரண்டு குழுக்கள். ஒன்றில் தமிழும் மலையாளமும், இன்னொன்றில் தெலுங்கும் கன்னடமும். ஆக, எங்கள் எல்லையின் இரண்டு மொழிப் படங்களும் முதல் சுற்றில் ஒரே மேஜைக்கு வருகின்றன. பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள், ரீல்ஸில் எத்தனை நாள் ஓடியது என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. பாட்டு படத்துக்குள் இருக்க வேண்டும். நடுவர்கள் படத்தோடு சேர்த்துத்தான் அதைக் கேட்கிறார்கள். பரிசு ரஜத கமலம் எனப்படும் வெள்ளித் தாமரை. அதோடு வரும் ரொக்கம் 70-ஆவது விருதுகளிலிருந்து 2 லட்சம் ரூபாய்.

மொழி பார்க்காத பிரிவு என்பதால் எல்லா மொழிக்கும் சமமாகப் போய்ச் சேரும் என்று நினைத்துவிட வேண்டாம். பாடகர் விருது தொடங்கியது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. அன்று முதல் 1993 வரை, ஒரு தமிழ்ப் பாட்டுக்காகக்கூட எந்த ஆண் பாடகரும் தேசிய விருது வாங்கவில்லை. டி.எம். சௌந்தரராஜன் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் இதில் அடக்கம். முதல் ஆள் உன்னிகிருஷ்ணன்தான், அதுவும் அவருடைய முதல் சினிமாப் பாட்டுக்கு. யேசுதாஸின் எட்டு தேசிய விருதுகளைப் பிரித்துப் பாருங்கள்: மலையாளத்துக்கு ஆறு, இந்திக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று, தமிழுக்குச் சுழியம். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ஆறில் தெலுங்குக்கு மூன்று, இந்திக்கும் கன்னடத்துக்கும் ஒவ்வொன்று, தமிழுக்கு ஒன்று; ‘மின்சார கனவு’ படத்தின் ‘தங்கத் தாமரை’.

பெண்கள் பக்கம் கதையே வேறு. விஜயநகரத்துக்காரரான பி. சுசீலாவின் முதல் தேசிய விருது 1968-இல், ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்கு. அடுத்த ஆண்டே கே.பி. சுந்தராம்பாள். ஆந்திரத்தில் பிறந்த எஸ். ஜானகியின் நான்கு விருதுகளில் இரண்டு தமிழுக்கு: ‘செந்தூரப் பூவே’, ‘இஞ்சி இடுப்பழகி’. திருவனந்தபுரத்துக்காரரான சித்ராவின் ஆறில் தமிழுக்கு மூன்று, மலையாளத்துக்கு இரண்டு, இந்திக்கு ஒன்று. தாய்மொழியைவிட தமிழில் அதிகம். சித்ரா எங்களவர் என்று கேரளத்தில் சொல்வதும், சின்னக்குயில் எங்களவர் என்று தமிழகத்தில் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரே அளவு நியாயம்.

ஆண்களுக்கு ஏன் அந்த 27 ஆண்டு வறட்சி? நடுவர்கள் ஓரவஞ்சனை செய்தார்கள் என்ற பேச்சு டீக்கடையில் எளிதாக எடுபடும். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. விருது வாங்கிய படங்களை வரிசையாக வைத்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. பாலமுரளிகிருஷ்ணாவுக்கு விருது தந்த கன்னடப் படம் ‘ஹம்ஸகீதே’, பாடகன் ஒருவனின் கதை. எஸ்.பி.பி.க்குத் தந்த தெலுங்குப் படம் ‘சங்கராபரணம்’, சங்கீத வித்வான் ஒருவரின் கதை. எம்.ஜி. ஸ்ரீகுமாருக்கு விருது வாங்கித் தந்த ‘ஹிஸ் ஹைனஸ் அப்துல்லா’விலும், யேசுதாஸுக்குத் தந்த ‘பரதம்’, ‘சோபானம்’ இரண்டிலும் சங்கீதம்தான் கதையின் முதுகெலும்பு. எஸ்.பி.பி.க்குக் கன்னடத்தில் கிடைத்ததோ பஞ்சாட்சர கவாயி என்ற இசைஞரின் வாழ்க்கைப் படத்துக்கு. 2020-ஆம் ஆண்டுக்கான விருதை ராகுல் தேஷ்பாண்டே வாங்கியது தன் தாத்தா வசந்தராவ் தேஷ்பாண்டேயின் வாழ்க்கையைச் சொன்ன மராத்திப் படத்தில் பாடி. ஒரு பாட்டைப் படத்தோடு சேர்த்துக் கேட்கும்போது, பாடுவதே கதையாக உள்ள படம் முன்னுக்கு வருவது இயல்பு. தமிழில் அந்த வகைப் படங்கள் குறைவு.

ஒன்று வந்தது: 1985-இல் ‘சிந்து பைரவி’. நாயகன் கர்நாடக சங்கீதப் பாடகர், அவருக்குக் குரல் யேசுதாஸ். ஆனால் அந்த ஆண்டு ஆண்களுக்கான விருது ‘ஸ்ரீநாராயண குரு’ என்ற மலையாளப் படத்துக்காகப் பி. ஜெயச்சந்திரனுக்குப் போனது. ‘சிந்து பைரவி’யிலிருந்து விருது வாங்கியவர் சித்ரா, ‘பாடறியேன் படிப்பறியேன்’ பாட்டுக்காக. படம் முழுக்கப் பாடியவருக்கு இல்லை, நாட்டுப்புறப் பாட்டில் ஆரம்பித்து கீர்த்தனையில் போய் முடியும் அந்த ஒரு பாட்டுக்கு உண்டு. இளையராஜாவுக்கும் அதே படத்தில் விருது. பாடல்களுக்காக அவர் வாங்கிய மூன்று தேசிய விருதுகளில் தமிழுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். ‘சாகர சங்கமம்’, ‘ருத்ரவீணா’ இரண்டும் தெலுங்கு. மீதி இரண்டு விருதுகள் பின்னணி இசைக்கு. அதில் ஒன்று மலையாளப் ‘பழசிராஜா’.

‘என்னவளே’ பாட்டும் சங்கீதத்தை விட்டு விலகியதல்ல. கேதார ராகம், கச்சேரிப் பாடகரின் குரல். ஆனால் அது இளைஞனின் காதல் பாட்டு. சங்கீதக் கதையின் துணை அதற்குத் தேவைப்படவில்லை. பூட்டை உடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்வர்ணலதாவைப் பற்றிப் பேசும்போது எம்.எஸ். விஸ்வநாதனைச் சொல்லாமல் நகர முடியாது. 1987-இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட வைத்து அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எம்.எஸ்.வி. அவர் பிறந்த எலப்புள்ளி, சித்தூரிலிருந்து கூப்பிடு தூரம். 1928-இல் அவர் பிறந்தபோது எலப்புள்ளி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் இரண்டும் ஒரே மாநிலம். ‘நீராருங் கடலுடுத்த’ பாடலுக்கு மெட்டமைத்த எம்.எஸ்.வி.க்கு ஒரு தேசியத் திரைப்பட விருதும் கிடைக்கவில்லை, பத்ம விருதும் கிடைக்கவில்லை. அறுபதுகளில் அவர் இசையமைத்துக் குவித்தவை வந்து பாதிக்கு மேல் முடிந்த பிறகுதான், 1967-இல், இசைக்கென்று தேசிய விருதில் பிரிவே பிறந்தது. அது ஒரு பகுதிக் காரணம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிடைக்காததற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை. அது பட்டியலின் குறை.

மாநில விருதுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கேரள அரசின் விருதுகள் 1969-இல் தொடங்கி ஒழுங்காக நடந்துவருகின்றன. சித்ரா அங்கே 16 முறை சிறந்த பாடகி. தமிழக அரசின் விருதுகள் விட்டுவிட்டு வந்தவை. 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு உரியவை 2022 செப்டம்பரில்தான் மேடையில் கொடுக்கப்பட்டன. ஆந்திரத்தின் நந்தி விருதுகள் 1964-இல் தொடங்கி, 2016-ஆம் ஆண்டுப் படங்களோடு நின்றன. தெலங்கானா 2025-இல் தன் திரை விருதுகளுக்கு நாட்டுப்புறப் பாடகர் கத்தரின் பெயரை வைத்துக் கொடுத்தது. தனியார் மேடைகளோ தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான்காகப் பிரித்து மொழிக்கொரு கோப்பை தருகின்றன. நான்கு பேருக்கும் சந்தோஷம், தொலைக்காட்சிக்கும் நல்லது. ஒரு மொழிப் பாட்டை இன்னொரு மொழிப் பாட்டோடு நிறுத்திப் பார்க்க அங்கே இடமே இல்லை.

மாநிலமும் மத்தியும் ஒரே குரலை எப்படி வேறுவிதமாகப் பார்க்கும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டே சாட்சி. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பெண் நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் ‘கலக்காத்தா’ பாடினார். பாட்டு அவருடையது, படத்துக்கு இசை ஜேக்ஸ் பிஜாய். கேரள அரசு விருதில் அந்த ஆண்டின் சிறந்த பாடகி ‘சூஃபியும் சுஜாதயும்’ படத்தில் பாடிய நித்யா மாம்மன். நஞ்சியம்மாவுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. 2022 ஜூலையில் 68-ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா.

சர்ச்சை உடனே கிளம்பியது. வாழ்நாளை சங்கீதத்துக்குக் கொடுத்தவர்கள் இருக்கும்போது, சுருதி வைத்து எந்தப் பாட்டையும் பாடச் சொன்னால் பாட முடியாதவருக்கு இந்த விருதா என்றார்கள் சிலர். அவருக்கு ஆதரவாகப் பேசிய இசைக்கலைஞர்களும் நிறைய. இந்த வாதத்தில் விதியை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. விருது ஒரு பாடகியின் பயிற்சிக்கோ பல்திறனுக்கோ தரப்படுவதல்ல. ஒரு படத்தில் ஒரு பாட்டு செய்த வேலைக்குத் தரப்படுவது. அப்படிப் பார்த்தால், ‘கலக்காத்தா’ இல்லாமல் அந்தப் படத்தின் மலையையும் மண்ணையும் நினைத்துப் பார்க்க முடியுமா? எனக்கு முடியவில்லை. இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. கேரளத்துப் படம், மலையாளப் பட்டியலில் வந்த விருது. ஆனால் அந்தப் பாட்டின் வரிகள் கோயம்புத்தூரிலோ ஆனைகட்டியிலோ இருப்பவருக்குப் பாதிக்கு மேல் நேராகவே புரியும். மொழிவாரியாகக் கோப்பை தரும் மேடையில் இந்தப் பாட்டை எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள்?

ஒன்றையும் மறக்கக் கூடாது. அதே பாட்டை நஞ்சியம்மா காலங்காலமாக ஊரில் பாடியிருந்தாலும், சினிமா எடுத்துக்கொண்டிராவிட்டால் தில்லி மேடை ஏறியிருக்காது. நம் நாட்டில் பெரிய இசை விருது என்று ஜனங்கள் பேசுவது எல்லாமே சினிமா விருதுதான். சினிமாவுக்கு வெளியே சபைகளும் அகாதமிகளும் இருக்கின்றன, ஆனால் அவையும் தங்கள் பட்டங்களை எல்லா வகைக் கலைஞர்களுக்கும் மெதுவாகத்தான் விரித்தன. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் பாலக்காட்டுப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1951-இல் வந்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பாலக்காடு மாவட்டத்து மஞ்சப்பராவில் பிறந்த பாடகர் எம்.டி. ராமநாதனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் கிராமி வேறு மாதிரி. அங்கே ஒலிப்பதிவுக்குத்தான் விருது, படம் ஒரு ஓரப் பிரிவு. இசை வகை வகையாகப் பிரிக்கப்பட்டு, துறைக்காரர்களே வாக்களிக்கிறார்கள். 1968-இல் ரவிசங்கர், யெஹுதி மெனுஹினோடு சேர்ந்து விருது வாங்கியது மேற்கத்திய ‘சேம்பர் மியூசிக்’ பிரிவில். சிதாருக்கு அன்று வேறு இடம் இல்லை. ‘உலக இசை’ என்றொரு பிரிவு 1992-இல் வந்தது. அதன் முதல் விருதே கடம் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் வாசித்த ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்கு. 2020-இல் அந்தப் பிரிவின் பெயரை ‘குளோபல்’ என்று மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தப் பெயரில் விருது வாங்கியது ‘சக்தி’ குழு. அதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா, பாடியவர் சங்கர் மகாதேவன். சங்கர் மகாதேவன் மும்பையில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பாடகராக அவருடைய முதல் தேசிய விருது ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தின் ‘என்ன சொல்லப் போகிறாய்’ பாட்டுக்கு. அமெரிக்கப் பட்டியலில் தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் ஒரே ‘குளோபல்’. எல்லை ஊர்க்காரனுக்கு இது ஒருவகையில் நிம்மதி, இன்னொருவகையில் எரிச்சல்.

இதுவரை மேற்கு எல்லையையே சுற்றினேன். வடக்கே ஆந்திர எல்லையிலும் ஒரு சித்தூர் இருக்கிறது, அங்கும் இதே கதை. 1979-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘சங்கராபரணம்’ என்ற தெலுங்குப் படம் இசையில் மூன்று விருதுகளை வாரியது. எஸ்.பி.பி.க்கு அது முதல் தேசிய விருது. பாடகி வாணி ஜெயராம், வேலூரில் பிறந்தவர். வேலூரிலிருந்து ஆந்திரச் சித்தூருக்கு ஒரு மணி நேர பஸ். அவருடைய மூன்று தேசிய விருதுகளில் ‘அபூர்வ ராகங்கள்’ மட்டும் தமிழ், மற்ற இரண்டும் தெலுங்கு. இசை கே.வி. மகாதேவன், 1918-இல், நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், அங்கே பிறந்தவர். இசையமைப்பாளருக்கான தேசிய விருது 1967-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே அவருக்குத்தான், ‘கந்தன் கருணை’ படத்துக்கு. ஆக, தெலுங்குச் சினிமா இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு படத்தின் மெட்டுகள் தென்கோடியிலிருந்து வந்தவருடையவை, பெண்குரல் பாலாற்றங்கரையுடையது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தப் பாட்டுகளைத் தெலுங்கிலேயே கேட்டார்கள்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது, ஏனென்றால் படமே இரண்டு மொழியில் பிறக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட 71-ஆவது விருதுகளில், பாடல்களுக்கான இசையமைப்பாளர் விருது ஜி.வி. பிரகாஷ் குமாருக்கு, ‘வாத்தி’ என்ற தமிழ்ப் படத்துக்காக. அதே படம் அதே சமயத்தில் ‘சார்’ என்ற பெயரில் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது; இயக்குநர் வெங்கி அட்லூரி தெலுங்குக்காரர். மெட்டுகள் இரண்டிலும் ஒன்றே. ‘வா வாத்தி’ தெலுங்கில் ‘மாஸ்டாரு மாஸ்டாரு’. இரண்டையும் பாடியவர் ஸ்வேதா மோகன், மலையாளக் குடும்பத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். விருதுப் பட்டியலில் படத்தின் பெயருக்கு எதிரே மொழிக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் தமிழ் என்று போட்டார்கள்.